மஞ்சள் கட்டத்துக்குள் பழனியம்மாள்

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, கட்டத்தின் நிறம் மஞ்சள் என்று இன்று முடிவெடுத்தேன்.

எங்கள் பனியன் கம்பெனியின் தையல் மெஷின்கள் எல்லாம் என் திரையில் கோடுகளாக ஓடும். ஒரு கோடு மட்டும் அசையவில்லை. அதைச் சுற்றி மஞ்சள் கட்டம் போட்டு, "ஆள் இல்லை" என்று குறிப்பெழுதினேன். சென்சார் பழுது என்பது பிறகுதான் தெரிந்தது.

மதியம் அந்த மெஷினில் தைக்கும் பழனியம்மாள் வந்தார்.

"ஏனுங்க, காலையிலிருந்து தச்சுட்டுத்தானுங்க இருக்கறேன். என்ற கார்டைக் கேண்டீன்ல எடுக்க மாட்டீங்குது. சூப்பர்வைசர் என்னையத் தாண்டிப் பாத்துப் பேசறாரு. அப்ப என்ற ஆவிதான் தச்சுதுங்களா?"

குறிப்பை அழித்தேன். திரும்ப வந்தது. "இந்தக் குறிப்பு பயன்பாட்டில் உள்ளது" என்றது திரை.

பார்த்துச் சொல்வதாகச் சொன்னேன்.

மாலையில் கம்பெனி வேன் டிரைவர் தலைகளை எண்ணி, எல்லாரும் ஏறியாகிவிட்டது என்று வண்டியை எடுத்தார். பழனியம்மாள் கேட் அருகே நின்றுகொண்டிருந்தார்.