ஆமாம் என்று மட்டும் சொன்ன ஃபங்ஷன்

செய்தி வந்தபோது காலை பத்து நாற்பது. கல்லூரி ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தேன். அலுவலக மாடிப்படியில் தம்பி மயங்கி விழுந்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. வயது முப்பத்துநான்கு.

வீட்டில் அவனுக்குப் பூட்டு என்று பெயர். வெளியே கிளம்பினால் கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பான். "திருடன் வர்றதுக்குள்ள நீயே கைப்பிடியைப் பிடுங்கிடுவே" என்பாள் அம்மா.

அப்படிப்பட்டவனின் கையால்தான் அந்தத் தவறு நடந்தது. மருந்து வைக்கும் குளிர்பெட்டிகளின் வெப்பநிலையைக் கண்காணிக்க ஒரு மென்பொருள் லைப்ரரி எழுதி, இலவசமாகக் கொடுத்திருந்தான். பல மருத்துவமனைகள் அதை எடுத்துத் தங்கள் நிரலில் சேர்த்துக்கொண்டன. பெட்டி சூடானால் போகும் எச்சரிக்கை பொறுப்பாளருக்குச் சேர்ந்ததா என்று கேட்டால் பதில் சொல்ல அதில் ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு சிறு நிரல்துண்டு, உண்டு. உண்மையில் சரிபார்க்கும் பகுதியைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று, எப்போது கேட்டாலும் 'ஆமாம்' என்று சொல்லும்படி ஒற்றை வரியை வைத்துவிட்டு மறந்துபோனான். பன்னிரண்டு ஆண்டுகள் அது ஆமாம் சொல்லிக்கொண்டே இருந்தது.

அவன் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு மருந்தாளுநர் அவனுக்கு எழுதினார். பெட்டி நின்றுபோய்த் தடுப்பூசி வீணாகிவிட்டது. எச்சரிக்கை சேர்ந்ததாகத் திரை காட்டியது. யாருக்கும் எதுவும் வரவில்லை.

அன்று மாலை என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, லைப்ரரியைச் சேர்ந்து பராமரிக்கும் கூட்டாளியைத் தொலைபேசியில் ஸ்பீக்கரைப் போட்டு அழைத்தான்.

"இப்பவே அதைத் தூக்கிடறேன்டா."

"தூக்கினா அதைக் கூப்பிடற நிரலெல்லாம் நின்னுடும். வெப்பநிலை பார்க்கறதும் சேர்ந்து நிக்கும். இருக்கற ஒரு கண்ணையும் குத்தப் போறியா? எப்பவும் போல, 'இது வேலை செய்யாது, பயன்படுத்தாதீங்க'ன்னு குறி போடு. அடுத்த பதிப்புல எடுத்துடலாம்."

"அந்தக் குறி பதிவுக் கோப்புல ஒரு ஓரமா வரும். அதை எவன் படிக்கறான்? நானே படிச்சதில்ல."

"அதுக்காக வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டுவியா?"

"தட்டினா என்ன?" என்றான் தம்பி.

அன்றே குறியைப் போட்டு வெளியிட்டான். பிறகு லைப்ரரியைப் பயன்படுத்துபவர்கள் எழுதிய பழைய கடிதங்களைத் துருவி, அந்த ஃபங்ஷனைப் பயன்படுத்தும் நாற்பத்தொரு இடங்களைக் கண்டுபிடித்தான். ஒவ்வோர் இடத்துக்கும் அவர்களுடைய நிரலில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று பார்த்துத் தனித்தனியாக எழுதினான். எல்லாக் கடிதமும் 'தவறு என்னுடையது' என்றுதான் தொடங்கியது. சாப்பிடக் கூப்பிட்டால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"ஒரு பெட்டிதானேடா போச்சு" என்றேன்.

"சொன்னது ஒருத்தர், அக்கா. சொல்லாதவங்க எத்தனை பேரோ."

"நீ என்ன வேணும்னா பண்ணினே?"

"வேணும்னு பண்ணியிருந்தா ஞாபகமாவது இருந்திருக்கும்."

அவன் இறந்தபோது இருபத்தாறு கடிதங்கள் முடிந்திருந்தன. மீதி பதினைந்தையும் கூட்டாளி எழுத, நான் முகவரி சரிபார்த்தேன். முதல் வரியைக் கூட்டாளி 'தவறு எங்களுடையது' என்று மாற்றினான், நான் தடுக்கவில்லை.

நாற்பது இடங்களிலிருந்து பதில் வந்துவிட்டது. ஒரு சிறிய குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்பியது மட்டும் அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. அவர்களுடைய தொலைபேசி எண் இன்னும் கிடைக்கவில்லை.