எதிர்வீட்டு ரோஸ் சுவரும் இஸ்மாயில் பாயின் கண்ணும்

செய்தி வந்தபோது நான் தல்லாகுளத்தில் ஒரு டீக்கடையில் போண்டா தின்றுகொண்டிருந்தேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மொத்தமே நான்கு பேர். வீட்டில் போட்டுப் பார்ப்பதற்கென்று அந்தக் காலத்தில் விற்ற சின்னப் படச்சுருள்களைத் தேடிச் சேர்க்கும் பைத்தியங்கள். ‘இஸ்மாயில் பாய் காலையில் மவுத்தாகிவிட்டார்’ என்றிருந்தது. படித்தேன். மிச்சப் போண்டாவையும் சட்னி தொட்டுத் தின்று முடித்தேன். அழுகை வருமென்று காத்திருந்தேன், ஏப்பம்தான் வந்தது. இன்றுவரை அதே நிலைமைதான்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். அரசு அலுவலகத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். கோரிப்பாளையத்தில் மாடி வீடு. சிங்கப்பூரிலிருந்து யார் மூட்டை கட்டி வந்தாலும் அதில் சூப்பர் எட்டு என்கிற அந்தச் சின்னச் சுருள் கிடக்கிறதா என்று மோப்பம் பிடித்துவிடுவார். நிஜமாகவே மோப்பம். டப்பாவைத் திறந்ததும் மூக்கை நுழைப்பார். புளித்த வாடை அடித்தால், “போச்சு, ஊறுகா போடத்தான் ஆகும்” என்று மூடிவிடுவார்.

வாடை இல்லையென்றால் அடுத்தது கண். வண்ணப் பிரிண்டுகளுக்கு ஒரு வியாதி உண்டு. வருடம் ஆக ஆக நீலமும் பச்சையும் செத்து, படம் முழுக்கச் சிவந்துவிடும். எந்த அளவுக்குச் சிவந்திருக்கிறது என்று சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கீறல் விழுமென்று பயந்து புரொஜக்டரில் ஓட்டமாட்டார். பின்பக்க ஜன்னலில் ட்ரேசிங் பேப்பர் ஒட்டி வைத்திருந்தார். காலை பத்து மணி வெளிச்சத்தில் சுருளை அங்கே பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்ப்பார்.

“மொதல்ல எலையப் பாரு மாப்ள. அப்புறம் வானம். மூஞ்சியப் பாக்காத. எம்புட்டுச் செவந்தாலும் நல்லாத்தான் இருக்கேன்னு மூஞ்சி பொய் சொல்லும்.”

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மலை ரயில் படம் அவரிடம் வந்தது. பன்னிரண்டு நிமிடம். அதற்காக நான் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்தது அவருக்கும் தெரியும். ஜன்னலில் பிடித்துப் பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது. “செவந்திருச்சு மாப்ள. எலையில உசுரே இல்ல. வேணும்னா நீ கொண்டு போ.”

அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் ஸ்கூட்டரை நிறுத்துவது அவர் வீட்டுப் பின்சந்தில்தான். ஜன்னலுக்கு நேர் எதிர்வீட்டுக்காரர் மகள் கல்யாணத்துக்காகத் தன் வெள்ளைச் சுவருக்கு அந்த வாரம்தான் பெயின்ட் அடித்திருந்தார். பஞ்சுமிட்டாய் ரோஸ். அந்தச் சுவரில் பட்டுத்தான் ஜன்னலுக்கு வெளிச்சமே வரும். பாய் வீட்டு வாசலோ வேறு தெருவில். ஜன்னலிலோ பேப்பர், சுவர் கண்ணில் படாது. முப்பது வருடமாக நம்பிய வெளிச்சத்தை அவர் சந்தேகிக்கவே இல்லை.

ஊர் வம்பை அரைமணியில் நாலு தெருவுக்குச் சேர்க்கும் என் வாய் அன்று திறக்கவில்லை. டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அதற்குள் அவர் தன் பழைய சுருள்கள் சிலவற்றையும் எடுத்துப் பார்த்திருக்கிறார். ‘நல்ல நிறம்’ என்று அவர் கையாலேயே எழுதி வைத்தவை. எல்லாம் சிவப்பு. கோளாறு தன் கண்ணில்தான் என்று முடிவு கட்டிவிட்டார். ஒன்றுமில்லை என்று சொன்ன கண் டாக்டரையும் நம்பவில்லை. லென்ஸை என் கையில் கொடுத்தார்.

“இனிமே நீ பாத்துச் சொல்லு மாப்ள. என் கண்ணு என்னைய ஏமாத்துது.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் ரயிலைத் திருப்பித் தர வேண்டும். “சரி மாமா” என்றேன். மூன்று வருடம் நான் மொட்டைமாடிக்குப் போய்ச் சுருளைப் பார்த்துவந்து சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். மாடிக்குக் கூப்பிட்டால், தன் கண்ணை நம்பாமல் வரமாட்டார்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் போனேன். அவர் மனைவி ஆமினா அக்கா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவர் வெளி ஆண்கள் முன் வராத நாட்கள் அவை. திரைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். துணியிடம் சொல்வது சுலபமாக இருந்தது. சுவர், ரோஸ், ரயில், எல்லாவற்றையும் சொன்னேன்.



“அப்ப அவரு கண்ணு நல்லாத்தான் இருந்துச்சா?”

“நல்லாத்தான் இருந்துச்சுக்கா.”

“தெனம் கேரட்ட அரைச்சு அரைச்சுக் குடுத்தேனே தம்பி. அதக் குடிச்சுட்டு, நீ இல்லாத நேரமாப் பாத்து ஜன்னல்ல ஒரு சுருளப் புடிப்பாரு. ‘இன்னைக்கும் செவப்பாத்தான் தெரியுது ஆமினா’ம்பாரு.”

“ரயில் படத்தக் கொண்டாந்திருக்கேன்க்கா.”

“அத வச்சு நான் என்னத்தப் பண்ண? கொண்டு போ.” பிறகு, “டீ குடிச்சிட்டுப் போ” என்றார்.

குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

ஆக, அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தப் பன்னிரண்டு நிமிடம். நேற்றுக் காலை பத்து மணிக்கு என் வீட்டு மாடியில் பிடித்துப் பார்த்தேன். இலை பச்சை. வானம் நீலம். ஓர் இம்மிகூட மங்கவில்லை. இவ்வளவு நல்ல பிரிண்ட் எங்கள் குழுவில் வேறு யாரிடமும் இல்லை.