எட்டு நாள் திராட்சரசம்

குடியின் தீமையைப் பற்றி சபையில் முழுதாகச் சேரும் பிள்ளைகளுக்கான எங்கள் திடப்படுத்தல் வகுப்பில் உபதேசியார் நான்கு ஞாயிறு பாடம் நடத்தினார். கோவில்பட்டிக்குத் தெற்கே, பருத்திக்காட்டுக்கு நடுவே இருந்த சிறிய சபை. நாங்கள் ஏழு பிள்ளைகள். எனக்கு வயது பதின்மூன்று. குடி குடலைக் கெடுக்கும், குடும்பத்தைக் கெடுக்கும் என்று எழுதிக்கொண்டோம். எனக்குத் தெரியவேண்டியிருந்தது வேறு.

"அதை எப்படி ஐயா உண்டாக்குதாவ?"

"ஏலே, தெரிஞ்சு நீ கடை போடப் போறியா?"

வகுப்பே சிரித்தது. அந்தப் பாடம் அத்தோடு முடிந்தது.

அந்த மாத இராப்போஜனத்துக்கு, கோவிலில் அப்பத்தோடு கொடுக்கும் திராட்சரசம் செய்யும் வேலை எனக்கு வந்தது. வழக்கமாகச் செய்யும் உபதேசியார் மனைவி, பிரசவத்துக்குப் போகுமுன் செய்முறையை ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் எழுத்து வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். சனிக்கிழமை, தாளில் இருந்தபடியே உலர்ந்த திராட்சையை வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி ஜாடியில் மூடிவைத்தேன். மறுநாள் ஆராதனை நடத்த வரவேண்டிய பாதிரி ஐயர் கடம்பூர்ப் பக்கம் ஒரு சாவுக்குப் போய்விட்டதால், அடுத்த ஞாயிறுதான் வந்தார். எத்தனை நாள் வைக்கலாம் என்று தாளில் இல்லை.

சித்திரை வெயில். தினமும் ஜாடியைத் திறந்து பார்த்தேன். குமிழிகள் ஏறின, காதை வைத்தால் மெல்லச் சீறியது. ரசம் மதுவாகிக்கொண்டிருந்தது. நானோ ஆண்டவர் அதில் இறங்குவதாக நம்பினேன். குடியை முகர்ந்தும் பார்த்திராத உபதேசியார் ஒரு கரண்டி குடித்துவிட்டு, "விறுவிறுன்னு இருக்கே. நல்ல பழம்லே!" என்றார்.

எங்கள் வீடு காத்திருந்த ஞாயிறு அது. ஆறு மாதமாகக் குடியை விட்டிருந்த சித்தப்பாவை ஐயர் மறுபடி இராப்போஜனப் பந்திக்கு அனுமதித்திருந்தார். அதைக் கண்ணால் பார்த்தால்தான் சேர்ந்து வாழ வருவேன் என்று, கோபித்துக்கொண்டு தாய்வீடு போயிருந்த சித்தி நாகலாபுரத்திலிருந்து வந்திருந்தாள்.

சித்தப்பா முழங்காலிட்டு அப்பத்தை வாங்கினார். கிண்ணம் உதட்டருகே வந்தது. மூக்கு விடைத்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"காலைலயே ஊத்திட்டு வந்துட்டான் போல. அதான் கிண்ணத்தைத் தொடப் பயப்படுதான்" என்றாள் சித்திக்குப் பக்கத்தில் இருந்தவள்.

ஆராதனை முடிந்ததும் சித்தி பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். சித்தப்பா வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என் கவலை.

"நான் செஞ்ச ரசம் நல்லா இல்லையா சித்தப்பா?"

"நல்லாத்தாம்லே இருந்துச்சு. அதாம் வம்பு."

"அதைச் சித்தியிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"நான் சொன்னா யாருலே நம்புவா?"

அப்படியானால் நான் சொல்கிறேன் என்று ஓடினேன். சித்தி பஸ் படியில் கால் வைத்திருந்தாள்.

"ரசத்துல ஒரு குறையும் இல்லையாம் சித்தி. நல்லாத்தான் இருந்துச்சாம். சித்தப்பாவே சொன்னாவ!"

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஏறினாள். பஸ் கிளம்பியது. இவ்வளவு நல்ல சேதிக்கு ஏன் அழுகிறாள் என்று, கரிசல் புழுதியில் நின்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.