மொட்டை மாடியில் காய்ந்த காப்பி

காப்பிப் பழம் காயும்போது காப்பி வாசனை வராது. பலாச்சுளையைத் தின்றுவிட்டுத் தோலை இரண்டு நாள் மூலையில் போட்டு மறந்தால், இனிப்பும் புளிப்புமாக ஒரு வாடை எழுமே, கிட்டத்தட்ட அதுதான். நான் ஏழாம் வகுப்பு படித்த ஆண்டின் தை மாதத்தில், முகப்பேரில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட எங்கள் ஹவுசிங் போர்டு "பிளாக்"கில் அந்த வாடை இரண்டு வாரம் போகாமல் நின்றது. படிக்கட்டில் ஏறினாலும், பள்ளிச் சீருடையை முகர்ந்தாலும் அதுவே.

அதைக் கொண்டுவந்தவள் என் சித்தி பொன்னி, அம்மாவின் தங்கை. அவர்கள் இருவரும் சேர்வராயன் மலையில் தோட்டக் கூலி செய்த குடும்பத்தில் பிறந்தவர்கள். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய அப்பாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த அம்மா, அதே எஸ்டேட்டில் ஓர் "எக்ஸ்போர்ட் கம்பெனி"யில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். சித்தி மலையிலேயே வாழ்க்கைப்பட்டாள். இரண்டு ஏக்கர் காப்பி, ஊடே கொஞ்சம் மிளகு. சித்தப்பா பெங்களூரில் கட்டட வேலை பார்த்ததால் மாதம் ஒருமுறைதான் வருவார். செடியைக் கவாத்து செய்வதும், பழம் பறிப்பதும், சுமந்துவந்து களத்தில் பரப்புவதும் சித்திதான். ஆனால் கீழேயிருந்து கொள்முதலுக்கு வரும் வியாபாரி, விலை பேச வேண்டிய நேரத்தில் மட்டும், சித்தியை எதிரில் நிற்கவைத்துக்கொண்டே சித்தப்பாவுக்குப் போன் போடுவாராம். ஆடி மாதத்தில் உரத்துக்கு முன்பணம் தருபவர் அவரே என்பதால், அவர் சொன்ன விலைக்கு எதிர்விலை சொல்ல யாருக்கும் வாய் வராது.

அந்த ஆண்டு மார்கழிக் கடைசியிலும் மலையில் மழை ஓயவில்லை. பறிக்கிற நாளிலும் மழை, காய வேண்டிய நாளிலும் மழை. களத்தில் கிடந்த பழத்தை வியாபாரி ஒரு கை அள்ளிப் பார்த்து, "பூஞ்சை பிடிக்கப் போகுது" என்று சொல்லி, பறிப்புக் கூலிக்கே காணாத ஒரு விலையைச் சொல்லியிருக்கிறார். சித்தி அன்று மதியம் அம்மாவுக்குப் போன் செய்து அழுதாள். அம்மா அழவில்லை.

"இங்க வெயில் சும்மாதாண்டி காயுது. மூட்டையக் கட்டி எடுத்துக்கிட்டு வா" என்றாள்.

அப்பாவை அவள் கேட்கவில்லை. செய்தியைச் சொன்னபோது அப்பா, "எங்க போட்டுக் காய வைப்பீங்க?" என்று கேட்டார். அம்மா கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றிவந்த ஒரு வண்டியில், அரைகுறையாக உலர்ந்த எட்டு மூட்டைகளோடு, பொங்கல் முடிந்த மறுநாள் காலை சித்தி வந்து இறங்கினாள். மொட்டை மாடிச் சாவி பிளாக் செயலாளரிடம் இருந்தது. ஆவடியில் ஃபாக்டரி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எதையும் இத்தனை நாள், இத்தனை மணி என்று வரையறுத்தே பேசுவார். "பத்து நாள். பதினோராம் நாள் மாடியில ஒரு கொட்டை இருக்கக் கூடாது" என்று சொல்லிச் சாவியைத் தந்தார். மாடிக்கு நேர் கீழே குடியிருந்த கஸ்தூரி அக்காவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. சாயங்காலங்களில் தெருமுனையில் இட்லிக்கடை போடுகிறவள். அவளுடைய இட்லித் துணிகள் காய்கிற இடம் அந்த மாடிதான்.

"இன்னாம்மா இது, ஊடு பூரா நாறிக்கினு கீது! நான் துணிய எங்க காயப்போடறது?" என்று மேலே வந்து கத்தினாள்.

"பத்து நாள் பொறுத்துக்கங்கக்கா. போறப்ப கழுவி உட்டுட்டுப் போறேன்" என்றாள் சித்தி, பழத்தைக் கிளறிக்கொண்டே.

சித்தி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. அரை மணிக்கு ஒருமுறை மாடியேறிப் பழத்தைத் திருப்பிப் போடுவாள். சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டே தின்பாள். பழத்தைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே கொட்டை கடகடக்க வேண்டும், அதுதான் பதம் என்று எனக்குக் காட்டினாள். அந்தத் தவிப்பு என்னையும் தொற்றிக்கொண்டது. வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதுகூடச் சின்ன வெண்மேகம் தெரிந்தாலும் அது முகப்பேர்ப் பக்கம் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் சனிக்கிழமை. அம்மாவுக்கு "ஓவர்டைம்". சித்தி ஒரு பையில் மாதிரிக் கொட்டையை எடுத்துக்கொண்டு, அம்பத்தூரில் காப்பித்தூள் அரைக்கும் கடைகளை விசாரிக்கப் போனாள். போகும்போது சாவியை என் கையில் கொடுத்து, "பாத்துக்க கண்ணு" என்றாள். மதியம்வரை பார்த்துக்கொண்டேன். வெயில் சுள்ளென்று இருந்தது. மூன்று தெரு தள்ளியிருந்த தோழி படம் பார்க்கக் கூப்பிட்டாள். சின்னப் பிள்ளைகள் ஏறி மிதித்துவிடக் கூடாது என்று மாடிக் கதவைப் பூட்டிவிட்டு, சாவியைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போனேன்.

தோழி வீட்டுத் தகரக் கூரையில் முதல் சொட்டு விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. தை மாதத்தில் மழை வராது என்று எல்லோரையும்போல நானும் நம்பியிருந்தேன். செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். பிளாக்குக்குள் நுழைந்தபோது படிக்கட்டு முழுவதும் பெண்கள். போர்வையிலும் புடவையிலும் பக்கெட்டிலும் காப்பியை அள்ளிக்கொண்டு இறங்கினார்கள். மேலே பூட்டு உடைந்து கிடந்தது, பக்கத்தில் கஸ்தூரி அக்காவின் அம்மிக் குழவி. அவள் தலைமுதல் கால்வரை நனைந்திருந்தாள்.

"சாவி எங்கடி?"

நான் கையை விரித்துக் காட்டினேன். அவள் ஒரு கணம் அதைப் பார்த்தாள். பிறகு ஒரு பக்கெட்டை என் கையில் திணித்து, "அழுவுறத அப்பால வெச்சுக்கோ. மொதல்ல அள்ளு" என்றாள்.

இருபது நிமிடம் பெய்து மழை நின்றது. அதற்குள் இரண்டு மூட்டைப் பழம் ஊறி, மாடித் தண்ணீர் போகும் குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் ஏழு வீடுகளில் மின்விசிறிக்குக் கீழே பரவிக் கிடந்தது. செயலாளர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியிலும் கிடந்தது. பத்து நாள் கணக்கை அவர் பிறகு எடுக்கவே இல்லை. நனைந்த புடவையோடு திரும்பிய சித்தி, வாசல் வாசலாகப் போய்ப் பார்த்தாள். கஸ்தூரி அக்கா தன் கட்டிலிலேயே பரப்பியிருப்பதைக் கண்டதும், அந்த வீட்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் சித்தி. பூட்டிட்டுப் போயிட்டேன்" என்றேன்.

"மழை உன்னாலயா வந்துச்சு?" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா சொல்லிட்டுப் போயிருக்கணும் கண்ணு" என்றாள். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காக அவள்மேல் எனக்கு இன்றும் மரியாதை.

அன்று சாயங்காலம் இட்லிக்கடை போடவில்லை. கஸ்தூரி அக்கா வீட்டில் கூடியிருந்தவர்களிடம் சித்தி வியாபாரியின் கதையைச் சொன்னாள். கஸ்தூரி அக்காவுக்கு ஒன்று மட்டும் புரியவே இல்லை. "தோட்டத்துல நீ நின்னுகினு இருக்கச்சொல்லோ, அவன் இன்னாத்துக்கு ஒன் புருசனுக்குப் போன் போடறான்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை.

காய்ந்த ஆறு மூட்டைகளைப் பூந்தமல்லிப் பக்கம் ஒரு பழைய நெல் மில்லில் கொடுத்துத் தோல் நீக்கினோம். அம்பத்தூர்க் காப்பித்தூள் கடைக்காரர் கொட்டையைக் கடித்துப் பார்த்துவிட்டு, "தோட்டக்காரர் வரலையா?" என்று கேட்டார். துணைக்கு வந்திருந்த கஸ்தூரி அக்கா, "தோட்டக்காரரு இவங்கதான். மூஞ்சியப் பாத்துப் பேசு" என்றாள். அவர் பேசினார். பெரிய விலை இல்லை; ஆனால் அது சித்தியிடம் சொல்லப்பட்ட விலை. நனைந்த இரண்டு மூட்டையை யாரும் வாங்கவில்லை. பின்னாலிருந்த காலி மனையில் சித்தியே கொட்டிவிட்டு, சொன்னபடி மாடியைக் கழுவிவிட்டு ஊருக்குப் போனாள்.

அடுத்த ஆடியில் எங்கள் பிளாக்கின் ஒன்பது வீடுகள் தலைக்குக் கொஞ்சம் பணம் போட்டு சித்திக்கு முன்கூட்டியே அனுப்பின. அவள் வியாபாரியின் பழைய கணக்கைத் தீர்த்து அவரை விட்டு விலகினாள். பங்குனியில் காப்பிக் கொட்டை வீடு வீடாக வந்தது. பூக்கும் நேரத்தில் மழை பொய்த்த ஆண்டுகளில் பை பாதியாகத்தான் வரும். முணுமுணுத்தவர்கள் உண்டு, ஒரு வீடு விலகியும் போனது. மற்றவர்கள் விடவில்லை.

இப்போது அந்த பிளாக் இல்லை. கட்டடம் பலமிழந்துவிட்டது என்று இடித்துவிட்டார்கள். எல்லா வீட்டுக்காரர்களும் திசைக்கொருவராகப் போனார்கள். செயலாளர் காலமானார். கஸ்தூரி அக்கா திருநின்றவூரில் மகளோடு இருக்கிறாள். நான் நசரத்பேட்டையில் எட்டு மாடி அடுக்ககம் ஒன்றில் குடியிருக்கிறேன். இங்கே யாரோடு சேர்ந்து முன்பணம் அனுப்புவது என்று தெரியாமல், எங்கள் வீட்டுக்காக நானும், கஸ்தூரி அக்காவும் மட்டும் அனுப்புகிறோம். தை மாதத்தை நம்பி எதையும் வெளியில் பரப்ப முடிந்த காலம் போய்விட்டது, மலையிலும் இங்கேயும். அரை ஏக்கர் காப்பியைப் பிடுங்கிவிட்டதாகச் சித்தி போன ஆண்டு சொன்னாள்.

முந்தாநாள் போன் செய்தாள். மூன்று நாளாக மழையாம், பழமெல்லாம் களத்தில் கிடக்கிறதாம்.

"நான் வரட்டுமா சித்தி?"

"வேலை கெட்டுப்போகாதா?"

"போகும்."

"அப்ப வா. வரப்ப பெரிய தார்ப்பாயா ரெண்டு வாங்கிட்டு வா. இங்க எந்தக் கடையிலயும் இல்ல, எல்லாரும் வாங்கிட்டாங்க."

வாங்கிவிட்டேன். இதை எழுதும்போது இரண்டும் கதவருகே சுருண்டு கிடக்கின்றன. சேலம் பஸ்ஸுக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது, என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.