அது எந்த அதிகாரம், சம்பந்தி?

"வரட்டும், வரட்டும். திட்டக்குடி பஸ்ஸு வர்ற நேரந்தான். வந்து உக்காந்து வாயத் தொறக்கட்டும்" என்று எனக்கு நானே பேசிக்கொண்டுதான் குழாயடியில் இந்த டைல்ஸ் துண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நீ சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டாய். பார்த்தது பார்த்தாய், முழுசாகக் கேட்டுவிட்டுப் போ. வருகிறது என் சம்பந்தியம்மா. என் மருமகளைப் பெற்றவள். அவள் வருகிற நாளில் மட்டும் எனக்கு முட்டி வலிக்காது, கவனித்திருக்கிறாயா? காலையிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டேன். மைசூர்பாகு வாங்கி வைத்திருக்கிறேன். விரோதியை நல்ல பலகாரம் கொடுத்துத்தான் உட்கார வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் எழுந்து போய்விடுவாள்.

துண்டைக் கையில் வாங்கிப் பார்க்கிறாயா? பார். நீல எழுத்து. எனக்குத்தான் எழுத்து தெரியாது, நீ படி.

"'களிமண்ணைப் பிசைந்த கைகளே, இளைப்பாறுங்கள், மீதியான வேலையை நானே செய்து முடிப்பேன்'னு போட்டுருக்குது. நல்லாத்தான ஆயா இருக்குது?"

நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் வம்பே. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: 'என்று கர்த்தர் சொல்லுகிறார்' என்று. உளி வைத்துப் பெயர்த்தபோது அந்த வரி தூளாகப் போய்விட்டது. போகட்டும். கர்த்தர் அப்படிச் சொல்லவே இல்லை, தெரியுமா? அவர் சொல்லாததைச் சொன்னார் என்று நெருப்பில் சுட்டு, என் வீட்டுக்காரர் கல்லறையில் தலைமாட்டில் ஒட்டி வைத்துவிட்டோம். ஒட்ட வைத்தவள்தான் பஸ்ஸில் வருகிறாள்.

உனக்கு அவரைத் தெரியாது. நீ இந்தத் தெருவுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டார். பீங்கான் சூளையில் வேலை. கோப்பை, ஜாடி, கொலு பொம்மை, எது வந்தாலும் அவர் கையால்தான் சூளைக்குள் அடுக்க வேண்டும். நாங்கள் வேதக்காரர்கள்தான், ஆனால் பிள்ளையாரை அவர் அடுக்குகிற பதனத்தைப் பார்க்க வேண்டுமே! தும்பிக்கை உடைந்தால் வாங்குகிற பிள்ளை அழும் என்பார். நானும் அங்கேதான் இருந்தேன். வெந்து வந்த கோப்பையை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது என் வேலை. நல்ல கோப்பை கணீரென்று சொல்லும். விரிசல் விட்டது பொத்தென்று சொல்லும். அவர் அடுக்கி அனுப்புவார், நான் தட்டித் தள்ளுவேன். அதற்காக வீட்டுக்கு வந்து என்னோடு சண்டை பிடிப்பார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதி இந்தச் சண்டைதான்.

சரி, சம்பந்தி கதைக்கு வருகிறேன். அவர் போன சமயம் ஆறுதலுக்கு வந்து என்னோடு தங்கினாள். பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். கஞ்சி வைத்தாள், தலை வாரிவிட்டாள். மத்தியானத்தில் நான் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் கண்ணாடியை மாட்டி, சங்கிலியைச் சரிசெய்து, பையிலிருந்து வேதாகமத்தை எடுத்து ஒரு அதிகாரம் படிப்பாள். படித்துவிட்டு அதே பைக்குள் கையை விட்டு இன்னொரு புத்தகத்தை எடுப்பாள். அது பக்திக் கதை. இயேசு காலத்தில் ஒரு குயவன், அவன் பெண்டாட்டி, அவர்கள் வீட்டுக்கு அவர் வந்து போகிற மாதிரி யாரோ கற்பனையாக எழுதினது. பாகம் பாகமாக வருகிறது, சபைப் பெண்கள் கைக்குக் கை மாற்றிப் படிக்கிறார்கள். மூக்கைச் சிந்தாமல் யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை. நானும் கேட்டு அழுதவள்தான். குயவன் செத்துப்போகிற இடத்தில் புளியெல்லாம் கண்ணீர்.

ஆனால் நீயே யோசித்துப் பார். அதே கண்ணாடி, அதே குரல், அதே ராகம். படிக்கத் தெரிந்தவளுக்கு எந்தப் புத்தகம் என்று கண்ணிலே தெரியும். எனக்குக் காது மட்டும்தான். அந்த வாக்கியம் வந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. களிமண் பிசைந்த கையாமே! என் வீட்டுக்காரரையே பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

"இது வசனமா சம்மந்தி?" என்று கேட்டேன்.

"வசனந்தான். யேசு சொல்ற வசனம்" என்றாள். ஏட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"கல்லறைக்குப் போடலாமா?"

"தாராளமாப் போடலாம். இதவிடப் பொருத்தமா எது கெடைக்கும்?"

நீ சிரிக்காதே. உங்களுக்கெல்லாம் வசனம் என்றால் சினிமாவில் பேசுவது. எங்களுக்கு வசனம் என்றால் வேதத்தில் நம்பர் போட்டு இருக்கிற வாக்கியம். ஒரே சொல்தான். அந்தச் சொல்லுக்குள்தான் விரிசல் இருந்தது, நான் தட்டிப் பார்க்கவில்லை. தட்டினாலும் கணீரென்றுதான் சொல்லியிருக்கும்.

அவர் வேலை பார்த்த பட்டறையிலேயே டைல்ஸில் எழுதிச் சுட்டுத் தருகிறேன் என்றார்கள். சம்பந்திதான் போனில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். கடைசியில் 'என்று கர்த்தர் சொல்லுகிறார்' என்பதையும் அவளே அழுத்திச் சொன்னாள். கதையில் அப்படித்தான் இருக்கிறதாம். சூளையில் வெந்த எழுத்து அழியாது. மழை அடித்தாலும் போகாது, சுரண்டினாலும் போகாது. அதற்காகத்தானே ஆசைப்பட்டேன்!

கல்லறைத் திருநாள் வந்தது. பூ வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்தி நின்றுகொண்டிருந்தோம். ஒவ்வொரு கல்லறையாக ஜெபம் பண்ணிக்கொண்டு வந்த எங்கள் போதகர் ஐயா, என் வீட்டுக்காரரிடம் வந்ததும் நின்றுவிட்டார். சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. டைல்ஸைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"இது எந்தப் புஸ்தகத்துல வருதும்மா?" என்று கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? சம்பந்தியைப் பார்த்தேன். அவள் வெயில் என்று குடையை விரித்துக்கொண்டிருந்தாள். விரித்தாள், மடக்கினாள், மறுபடி விரித்தாள். 

அன்று சாயங்காலமே ஐயா வீட்டுக்கு வந்தார். அரை தம்ளர் டீ குடித்தார். தயங்கித் தயங்கி, "தேடிப் பாத்தேம்மா. வேதத்துல எங்கயும் இல்ல" என்றார்.

"நல்லாப் பாத்தீங்களாய்யா?"

"போன்ல வார்த்தயப் போட்டாத் தேடிக் குடுத்துரும்மா. இல்லவே இல்ல. யார் சொன்னாங்க ஒங்களுக்கு?"

நான் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? சொன்னால் அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பக்குவமாகப் பேசுவார், அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், முடிந்துபோகும். என் வீட்டுக்காரர் தலைமாட்டில் பொய் வெட்டவெளியில் நிற்கிறது. அவளுக்கு மட்டும் மறைவிடமா? "யோசிச்சிச் சொல்றேன்யா" என்று அனுப்பிவிட்டேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த பெண்கள் கூட்டம் எங்கள் வீட்டில். வெள்ளிக்கிழமை. அறை முழுக்கப் பெண்கள், ஐயா நாற்காலியில், நடுவில் பாய் மேல் என் சம்பந்தி. எங்கள் வீட்டில் கூட்டம் என்றால் திட்டக்குடியிலிருந்து வந்து வாசிக்கிறவள் அவள்தானே. பாட்டு முடிந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றேன்.

"சம்மந்தியம்மா, எழுத்து தெரியாதவ, ஒரு ஒதவி கேக்குறேன். எங்க வூட்டுக்காரரு கல்லறையில போட்டமே, அந்த வசனத்த வேதத்துலருந்து எடுத்து ஒருக்காப் படிச்சுக் காட்டுங்களேன். கேக்க ஆசையா இருக்குது."

"இப்பவா?"

"இப்பந்தான். எல்லாரும் கேக்கட்டும்."

திருப்பினாள். அடடா, என்ன திருப்பு! ஃபேன் காற்றில் ஏடு படபடவென்று அடிக்கிறது. "ஏசாயா புஸ்தகத்துல இருக்கும்" என்றாள்.

"பாருங்க, பாருங்க. அவசரமே இல்ல."

"எரேமியாவா இருக்கும். அதுலதான் குயவன் வருவான்."

"மெதுவாப் பாருங்க. கண்ணாடியத் தொடச்சிக் குடுக்கட்டுமா?"

அவள் மூக்கின் மேல் வியர்வை வந்ததைப் பார்த்தேன். ஐயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன், முட்டி வலி இல்லை என்று சொன்னேனே! அப்போதுதான் என் மருமகள் டீத் தட்டோடு உள்ளே வந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

"இன்னாம்மா தேடுற?" என்று தாயைக் கேட்டாள். யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். "அட, அது நீ படிச்சியே அந்தக் கதையில, குயவன் பொண்டாட்டிகிட்ட யேசு சொல்றது இல்ல? நீகூட அழுதியே!"

பெற்ற மகள் வாயிலிருந்தே வந்தது. நானே சொல்லியிருந்தால்கூட இவ்வளவு ருசித்திருக்காது. பின்னாலிருந்து யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

சம்பந்தி வேதத்தை மூடினாள். மூடிவிட்டு, என்ன சொன்னாள் தெரியுமா? "நான் வேத வசனம்னு எப்பச் சொன்னேன்? வசனம்னுதான் சொன்னேன். கதையில வர்றதும் வசனந்தான? சினிமாவுல பேசுறத வசனம்னு சொல்றதில்லியா?"

"அப்ப சினிமா வசனத்தயா எங்க வூட்டுக்காரரு தலமாட்டுல ஒட்டச் சொன்னீங்க?"

"அர்த்தம் நல்ல அர்த்தந்தான சம்மந்தி? யேசுவே இருந்தாலும் அப்புடித்தான் சொல்லியிருப்பாரு."

இங்கேதான் எனக்கு எரிந்தது. "சொல்லியிருப்பாருங்கிறது வேற, சொன்னாருங்கிறது வேற. நான் செத்தப்புறம் எம் பையங்கிட்டப் போயி, 'ஒங்கம்மா இந்த வூட்ட எம் பொண்ணு பேருக்கு எழுதச் சொன்னாங்க'ன்னு சொல்லுவீங்களா? கேட்டா, 'இருந்தா அப்புடித்தான் சொல்லியிருப்பாங்க'ம்பீங்களா? எவ்வளவு நல்ல வார்த்தயா இருந்தாலும் அடுத்தவங்க வாயில வச்சிப் பேசக் கூடாது. அதுவும் அவரு வாயில!"

ஐயா தொண்டையைச் செருமினார். கதை படிப்பது தப்பில்லை என்றார். "கதை நம்மள வேதத்துக்கிட்ட கூட்டிட்டுப் போனா நல்லதுதான். வேதத்தோட நாற்காலியில வந்து உக்காந்துடுச்சின்னா, எழுப்பி வுடணும்" என்றார். நல்ல பேச்சுதான். ஆனால் அதோடு முடித்துவிடப் பார்த்தார். நான் விடுவேனா?

"ஐயா, புது டைல்ஸ் சுடணும். இந்தவாட்டி ஏமாறக் கூடாது. சம்மந்தியம்மாவே மொதல்லருந்து ஒரு வரி வுடாம எனக்குப் படிச்சிக் காட்டட்டும். எது புடிக்கிதோ அத நானே சொல்றேன்" என்றேன். ஐயாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். இப்படி ஒரு வேத வாஞ்சையா என்று என் தலைமேல் கை வைத்து ஜெபமே பண்ணிவிட்டார். அவர் எதிரில் அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

டைல்ஸைப் பெயர்த்த அன்றைக்கு அவளைத்தான் குடை பிடித்து நிற்க வைத்தேன். கீழ் வரி சிதறிப்போனது, மேல் பாதி முழுசாக வந்தது. இந்தத் துண்டுதான். அவள் வருகிற நாளெல்லாம் காபித் தம்ளரை இதன் மேல்தான் வைக்கிறேன். எடுக்கும்போது படிக்கிறாள், வைக்கும்போது படிக்கிறாள்.  சூடான தம்ளருக்கு இது நல்ல தட்டு, கறைகூடப் பிடிக்காது.

அன்றிலிருந்து திட்டக்குடியிலிருந்து வந்து வந்து படிக்கிறாள். வேதத்தில் பெயர் பெயராக வருகிற இடங்கள் உண்டு, தெரியுமா உனக்கு? இவனுக்கு இவன் மகன், அவனுக்கு அவன் மகன் என்று. அழுகை இல்லை, காதல் இல்லை, குயவன் பெண்டாட்டி இல்லை. அவள் மெல்லப் பக்கத்தைத் தாண்டப் பார்ப்பாள். "ஏடு ரெண்டு சேந்து பொரளுற சத்தம் கேக்குதே சம்மந்தி" என்பேன். கூடாரத்துத் திரைக்கு எத்தனை முழம், எத்தனை வளையம், எத்தனை முளை என்று ஒரு மத்தியானம் முழுக்கப் படித்தாள். தொண்டை கட்டிவிட்டது. மிளகுப் பால் கொடுத்துத் தொடரச் சொன்னேன்.

ஒருநாள் அண்ணன்மார் செய்த துரோகத்தைத் தம்பி மன்னிக்கிற இடம் வந்தது. குரலை உயர்த்திப் படித்தாள். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "காதுல வுழுந்துதா சம்மந்தி?" என்றாள்.

"வுழுந்துது. எந்த அதிகாரம்னு சொல்லுங்க" என்றேன்.

இப்போது யார் எதைச் சொன்னாலும் அதைத்தான் கேட்கிறேன். ஐயா பிரசங்கத்தில் சொன்னாலும் சரி, என் பையன் வாட்ஸப்பில் வந்ததைச் சொன்னாலும் சரி, எங்கே இருக்கிறது, எடு, பக்கத்தில் இருக்கிறவள் ஒருத்தி சரிபார்க்கட்டும். இரண்டு கண் கடன் வாங்கித்தான் நான் நம்ப வேண்டியிருக்கிறது. ஐயா இப்போதெல்லாம் நம்பரைச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துக் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மேலே போகிறார். சம்பந்தியும் வரிமேல் விரலை வைத்துப் படிக்கப் பழகிவிட்டாள்.

உனக்கு மட்டும் சொல்கிறேன், என் மருமகளிடம் உளறிவிடாதே. எனக்குப் பிடித்த வசனம் கிடைத்து ரொம்ப நாளாயிற்று. நம்பரோடு மனசில் வைத்திருக்கிறேன், ஐயாவிடம் கேட்டுச் சரிபார்த்தும் ஆயிற்று. சம்பந்தியிடம்தான் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே வருவதை நிறுத்திவிடுவாள். இன்னும் எத்தனையோ பெயர் பாக்கி இருக்கிறது.

அவர் தலைமாட்டில் வெறும் சிமெண்டுச் சதுரம் தெரிகிறது, வாஸ்தவம்தான். போகும்போதெல்லாம் கண்ணில் குத்துகிறது. அடுத்த கல்லறைத் திருநாளுக்குள் ஒட்டிவிடுவேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சூடு ஆறாமல் சூளை வாயைத் திறக்கவே விட மாட்டார் அந்த மனுஷன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏய், அதோ பார், தெருமுனையில் குடை தெரிகிறது. அந்தத் துண்டை இப்படிக் கொடு, ஈரம் துடைக்க வேண்டும். பேச்சு சுவாரஸ்யத்தில் பாலைக்கூட அடுப்பில் வைக்கவில்லை நான்.