ராசி பார்த்த வைரம்

என் வீட்டுக்காரிக்கு வைர மூக்குத்தி மேல் ஆசை. போடி பஜாரில் பழகிய நகைக்கடை இருந்தும், நான் போனில்தான் ஆர்டர் போட்டேன். விலை குறைச்சல், சர்டிபிகேட் வேறு. பார்சல் வந்த அன்றே அவள் பழைய சிவப்புக்கல் மூக்குத்தியைக் கழற்றி என் தங்கச்சி மகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

எங்கள் பக்கம் வைரத்தை உடனே போட்டுக்கொள்ள மாட்டார்கள். கடைக்காரர் நம்பிக் கொடுப்பார். ஒரு வாரம் சாமி படத்துக்கு அடியில் வைத்து ராசி பார்ப்பார்கள். வந்த கல்லையும் அவள் அப்படித்தான் வைத்தாள். அந்த வாரம் பார்த்து, ஏலக்காய் லோடு ஏற்றிய எங்கள் ஜீப்பு போடிமெட்டு வளைவில் சாய்ந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை.

“இந்தக் கல்லு வேண்டாம்” என்றாள்.

“பிரேக்கு தேஞ்சதுக்குக் கல்லு என்னடி பண்ணும்?” என்று கத்தினேன். கடைசியில் திருப்பித்தான் அனுப்பினேன். ஏன் திருப்புகிறீர்கள் என்று போன் கேட்டது. அளவு சரியில்லையா, உடைந்திருக்கிறதா, பிடிக்கவில்லையா? ஜீப்பு சாய்ந்ததை அதில் எங்கே போய்ச் சொல்வது? எரிச்சலில் ஏதோ ஒன்றை அமுக்கினேன்.

அதோடு இரண்டு பேரும் மூக்குத்திப் பேச்சையே விட்டுவிட்டோம். மறு வருசம் ஏலக்காய் நல்ல விலைக்குப் போனபோதுதான் அவளைப் பஜார் கடைக்குக் கூட்டிப்போனேன்.

“ஜீப்பு சாஞ்சப்பவே கேள்விப்பட்டேண்ணே” என்றபடி கடைக்காரர் ஒரு வைர மூக்குத்தியைத் தாளில் மடித்து அவளிடம் நீட்டினார். “கொண்டுபோயி வச்சுப் பாருங்க. சரிப்படலேன்னா கொண்டாங்க.”

அவள் கை நீட்டவில்லை. வெறும் மூக்கைத் தடவிக்கொண்டு சொன்னாள்: “தொளை தூர்ந்துபோச்சுண்ணே.”