மூடா ஆற்றில் அம்மன் காட்டிய திருடன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் ஆண்டு. ஜப்பான்காரன் காலம். திகாம் பத்து ஊருக்குப் பக்கத்தில் நாங்கள் கூலி வேலை பார்த்த ரப்பர் தோட்டம். அரிசியைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். என் மனைவி பாப்பாத்திக்குப் பெண் குழந்தை பிறந்து பதினைந்து நாள். பால் வற்றிவிட்டது. மீன் கொடுத்தால் ஊறும் என்றார்கள்.

என் அண்ணன் பெருமாளும் நானும் மூடா ஆற்றில் பிரம்பால் பின்னிய மீன்கூடு ஒன்றைப் போட்டிருந்தோம். அண்ணன்தான் நன்றாக நீந்துவார். விடியற்காலையில் போய்க் கூட்டை எடுத்து, கிடைத்ததைப் பாதியாகப் பிரித்துத் தருவார். திடீரென்று நான்கு நாள் வெறுங்கையோடு வந்தார். எனக்குப் புத்தி கெட்டது. திங்கட்கிழமை, குழாயடியில் எல்லாரும் பார்க்கக் கத்தினேன்.

"என் புள்ள பாலுக்கு அழுவுது. நீ உன் வீட்டுக்கு மட்டும் கொண்டு போறியா?"

"அம்மா சத்தியமா நான் எடுக்கல லா, தம்பி" என்றார் அண்ணன். தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தார். அதையும் திருட்டுத்தனம் என்றே எடுத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

அன்று சாயங்காலம் தோட்டத்து மாரியம்மன் முன்னால் நின்றேன். திருடனை என் கண்ணில் காட்டு தாயே, வெள்ளிக்கிழமை பொங்கல் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் அண்ணனைக் கையும் களவுமாகப் பிடிக்க அவருக்கு முன்பே ஆற்றுக்குப் போனேன். பொழுது வெளுத்துக்கொண்டிருந்தது. கரையில் யாருமில்லை. கூட்டைப் பார்க்க நடு ஆற்றுக்கு நீந்தினேன். கை எட்டும் தூரத்தில் தண்ணீர் கொப்பளித்தது. ஐந்தாறு நீர்நாய்கள்! கூட்டைப் புரட்டி, அதன் வாய்க்குள் கைவிட்டு மீனை இழுத்துத் தின்றுகொண்டிருந்தன. குட்டிகளும் கூட இருந்தன. தாய் என்மேல் பாய்ந்தது. கெண்டைக்காலில் பல் இறங்கியது. கரைக்குத் திரும்ப முயன்றேன், கூட்டுக் கயிறு காலைச் சுற்றிக்கொண்டது. இரண்டு முறை முழுகினேன்.

"தாயே, என் புள்ள மொகத்த நான் பாக்கணும்!"

கயிறு தானாக நழுவியது. நீர்நாய்கள் விலகிப் போயின. எப்படிக் கரை சேர்ந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள்தான் சேர்த்தாள்.

கரையில் கிடந்து அழுதேன். உயிர் பிழைத்ததற்காக மட்டுமல்ல. அண்ணன் திருடவில்லை.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பத்துக் கதவு தள்ளித்தான் வீடு. வெட்கம் விடவில்லை. வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்து, பிரசாதத்தோடு போய் மன்னிப்புக் கேட்கலாம், கையில் பிரசாதம் இருந்தால் தலைகுனிவு கொஞ்சம் குறையும் என்று தள்ளிப்போட்டேன்.

வியாழக்கிழமை காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் நேரத்தில் லோரி வந்தது. சயாமில் ஜப்பான்காரன் போடும் ரயில் பாதைக்குக் கூலி ஆள் பிடித்தார்கள். வீங்கிய என் காலைப் பார்த்து ஜப்பான்காரன் என்னை ஒதுக்கித் தள்ளினான். அண்ணனை ஏற்றினான். நொண்டிக்கொண்டே ஓடினேன்.

"அண்ணே, நீர்நாய்ண்ணே! நீர்நாய்தான் தின்னுச்சு!"

லோரி இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. காதருகே கையை வைத்துப் பார்த்தார். பிறகு, "கால பாத்துக்க தம்பி!" என்று கத்தினார். அவர் திரும்பி வரவேயில்லை.

கூட்டின் வாயில் மூங்கில் முள் கட்டினேன். மறுபடி மீன் விழுந்தது. அண்ணனுக்குச் சேர வேண்டிய பாதியை அண்ணியிடம் கொண்டுபோய் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத அவரு இருக்கையில சொல்லியிருக்கக் கூடாதா தம்பி? மூணு நாளா கெழங்குகூட எறங்காம கெடந்தாரு" என்றார் அண்ணி.

பாப்பாத்திக்குப் பால் ஊறியது. அந்த மகள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். எல்லாம் தாய் தந்தது. வருடா வருடம் பொங்கல் வைக்கிறேன். பானை பொங்கும்போது மற்றவர்கள் குலவையிடுவார்கள். என் வாயில் "நீர்நாய்ண்ணே" என்றுதான் வரும்.

அம்மனை நம்பி வேண்டுங்கள், சொந்தங்களே. எனக்கு மறுநாளே பதில் தந்தவள் உங்களுக்கும் தருவாள். ஆனால் யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால், முதலில் அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்து அடுப்பு மூட்டுங்கள்.